இருபத்தாறு வயது வண்டி

மார்ச் மூன்றாவது வாரம். ஆவுலிஸ் தன் வீட்டுக் கூரைமேல் நின்று பனியை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். பகல் வெயில் கொஞ்சம் இளக்கும், ராத்திரிக் குளிர் திரும்ப இறுக்கும். அந்த மாதத்துப் பனி அப்படித்தான் கல்லாகிவிடும். பார்த்து வெட்டாவிட்டால் கூரைத் தகடும் சேர்ந்து பெயர்ந்து வரும். நான் கீழே நின்று விழுந்த கட்டிகளை ஓரம் ஒதுக்கினேன். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஓர் உருளைக்கிழங்குத் தோட்டம்தான் இருக்கிறது. முப்பது வருஷத்தில் நாங்கள் ஒருவரையொருவர் வேலைக்குக் கூப்பிட்டதே இல்லை. ஏணி சாத்தும் சத்தம் கேட்டால் மற்றவன் வந்து நிற்பான். வடக்கே எங்கள் காய்னு மாகாணத்தில் இதைப் பெரிய நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேலே இருந்தபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"கௌக்கோ, ஒரு வண்டி பாத்து வச்சிருக்கேன். உள்ளயே படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கற வண்டி. தொண்ணூத்தெட்டு மாடல்."

"ஊர் சுத்தப் போறியா?"

"வேலைக்குப் போகப் போறேன்."

அதற்குமேல் அவன் விளக்கவில்லை. எனக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை. டவுனில் இருந்த பேப்பர் ஆலையை முந்தின அக்டோபரில் மூடிவிட்டார்கள். முப்பத்து மூன்று வருஷம் அங்கே குழாய்களுக்குப் பற்றவைத்தவன் ஆவுலிஸ். ஐம்பத்தொன்பது வயதில் எவன் வேலை கொடுப்பான்? மிச்சம் இருந்தது ஒரே வழி. வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் ஆலையையும் இரண்டு மூன்று வாரம் நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். வடக்கே ஒன்று முடிந்தால் மேற்கே ஒன்று தொடங்கும். நல்ல வெல்டருக்கு அதில் கூலியும் நல்ல கூலி, தினப்படி வேறு. ஆனால் ஆலை வளாகத்தில் போட்டிருக்கும் தகரப் பெட்டி அறையில், நாலு பேரோடு ஐந்தாவது ஆளாகப் படுக்க வேண்டும். அந்த அறைகளில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் செய்வதற்கு ஒரு காரியம்தான் உண்டு. பன்னிரண்டு வருஷம் ஆவுலிஸ் அந்தக் காரியத்தைச் செய்தவன். பிறகு ஒரு நாள் நிறுத்தினான். நிறுத்திப் பத்து வருஷமாகிறது. எப்படி நிறுத்தினான் என்று யாரும் கேட்கவில்லை. ரைலிக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ரைலி அவன் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். பிள்ளைகள் இல்லாமல் பள்ளியை மூடியபோது அவள் கரண்டியும் சும்மாயிற்று. வேலைப் பேச்சு வந்த அன்றே அவள் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள்: நீ போனால் நானும் வருவேன், நான் வர முடியாத இடத்துக்கு நீயும் போகாதே. பெட்டி அறைக்குப் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. ஆலை வாசலில் சொந்த வண்டியை நிறுத்திக்கொண்டு, சாயங்காலம் வந்தால் கதவைத் திறக்க ஒருத்தி இருக்கிறாள் என்றால், அவன் தப்பித்துக்கொள்வான். இதுதான் அவர்கள் போட்ட திட்டம். அந்தப் பழைய வண்டியின் விலை பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு யூரோ.

வண்டியைப் பார்க்க நானும் போனேன். ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவருடையது, ஏரிக்கரையில் கொட்டகைக்குள் நின்றது. மனைவி போனபிறகு தனியாக எங்கே போவது என்று விற்கிறார். ஆவுலிஸ் யாரிடமோ ஈரமானி இரவல் வாங்கி வந்திருந்தான். ஜன்னல் மூலை, கூரைச் சந்து, சக்கரத்தின் மேல் வளைவு என்று ஒவ்வோர் இடத்திலும் அதை அழுத்தி அழுத்தி எண்ணைப் பார்த்தான். இந்த வயது வண்டிகளுக்குச் சாவு இன்ஜினில் வராது, சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் நனைந்து மக்கித்தான் வரும். ஒரு மணி நேரம் தேடியும் ஈரம் இல்லை. பிறகு பனியில் மல்லாந்து படுத்து அடிப்பாகத்தைப் பார்த்தான். எழுந்தபோது முகத்தில் துரு அப்பியிருந்தது, சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பல்லை நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

ரைலி உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள். அடுப்பின் அகலத்தைச் சாணால் அளந்தாள். "சால்மன் சூப் வைக்கலாம். அடுப்புக்கு மேல ஜன்னல் இருக்கு, ஆவி போயிடும்" என்றாள். ஏதோ கல்யாணமாகி முதல் வீட்டைப் பார்க்கிறவள் போல இருந்தாள். எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாகப் போய்விட்டது, வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரல் கடைசி வரைக்கும் வேறு யாருக்கும் தரமாட்டேன், முன்பணமும் வேண்டாம் என்று டாக்டர் கைகொடுத்தார். நல்ல மனுஷர். ஏப்ரல் கடைசி என்றால் ஏப்ரல் கடைசிதான் என்பதையும் சொன்னார்.

வங்கிக் கிளை எங்கள் ஊரை விட்டுப் போய் ஏழு வருஷமாகிறது. இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான் பேச வேண்டும். ஆவுலிஸ் வீட்டில் இணைப்பு விட்டு விட்டு வரும் என்பதால் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். நான் காபி போட்டேன். இருவரும் தேவாலயத்துக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தார்கள். ஆவுலிஸ் முகம் மழித்த இடத்தில் இரண்டு வெட்டு. திரையில் ஒரு சின்னப் பெண். மரியாதையான பெண்தான், குறை சொல்ல முடியாது. வருமானம், வீடு, வயது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்.

"கடன் எதுக்காகன்னு ஒரு கட்டம் இருக்கு. பொழுதுபோக்குன்னு போட்டுக்கட்டுமா?"

ஆவுலிஸ் கொஞ்சம் யோசித்தான். ரைலி மேசைக்கடியில் அவன் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது.

"இல்லம்மா. நான் வெளியூர் வேலைக்குப் போகணும். அங்க தங்கினா குடிச்சிருவேன். இவ கூட இருந்தா குடிக்க மாட்டேன். அதுக்குத்தான் வண்டி."

அந்தப் பெண்ணின் விரல் நின்றது. பொழுதுபோக்கு என்று ஒரு சொல்லைச் சும்மா தலையாட்டி விட்டிருந்தால் போயிருக்கும். எங்கள் ஆட்களுக்கு அது வராது. பக்கத்து வீட்டுக்காரனிடம் முப்பது வருஷம் வாயைத் திறக்காதவன், முகம் தெரியாத ஒரு பெண் படிவத்தைப் பார்த்துக் கேட்டாள் என்பதற்காகக் குடலையே உருவிக் காட்டுகிறான். கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பது அவன் கணக்கு.

அவள் ஏதோ தட்டினாள். என்ன தட்டினாள் என்று தெரியாது. அதனால்தான் போயிற்று என்றும் என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் காரணங்கள் அவளிடம் ஏற்கெனவே தயாராக இருந்தன.

"வண்டிக்கு இப்பவே இருபத்தாறு வயசு. கடன் அஞ்சு வருஷம்னா, முடியறப்போ முப்பத்தொண்ணு ஆயிடும். இருபதுக்கு மேல போற வண்டிய நாங்க ஈடா எடுத்துக்கறதில்ல."

"வீடு இருக்கே" என்றாள் ரைலி.

"அந்தப் பக்கத்து வீடுகளுக்கு இப்ப மதிப்புப் போடறதில்லைங்க. வாங்க ஆள் இல்ல."

ரைலி ஜன்னல் வழியாகத் தன் வீட்டைப் பார்த்தாள். முந்தின கோடையில்தான் சிவப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். மூன்று பிள்ளைகள் வளர்ந்த வீடு. அதற்கு மதிப்பு ஒன்றுமில்லை என்று ஒரு பெண் வெகு மரியாதையாகச் சொல்லிவிட்டாள்.

"நிலையான வருமானம் உள்ளவங்க, இல்லன்னா சேமிப்பு உள்ளவங்க யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட்டா தரலாம்" என்று முடித்தாள். திரை அணைந்தது. நான் காபியை ஊற்றினேன், மேசையில் சிந்திவிட்டது. துடைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஜாமீன் என்ற சொல்லை எங்கள் ஊரில் சாப்பாட்டு மேசையில் யாரும் சொல்வதில்லை. தொண்ணூறுகளில் நாடே கடனில் சரிந்தபோது, அண்ணனுக்குப் போட்டவன், மச்சானுக்குப் போட்டவன் என்று வீட்டுக்கு ஒருவன் அந்தக் கையெழுத்தால் போனான். ஆவுலிஸும் அதில் ஒருவன். அவன் தம்பி காலெர்வோ இருபத்து மூன்று வயதில் மண்தோண்டும் இயந்திரம் வாங்கினான். ஆவுலிஸ் கையெழுத்துப் போட்டான். இரண்டு வருஷத்தில் தம்பி திவாலானான். வங்கி அண்ணன் சம்பளத்தில் கை வைத்தது. பதினேழு வருஷம். பழைய நாணயமான மார்க்காவில் தொடங்கி யூரோவில் முடிந்தது. அந்தப் பதினேழு வருஷத்தின் நடுவில்தான் அவன் குடிக்கத் தொடங்கினான். ரைலி பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்குப் பலகை வாங்க என்னிடம் வந்து நின்றதில்லை. நானும் கேட்டதில்லை. காலெர்வோவோ கடனிலிருந்து வெளியே வந்து, பெண்சாதி பெயரில் புது இயந்திரம் வாங்கி, இன்றைக்கு மூன்று வைத்திருக்கிறான். காற்றாலைக்காரர்களுக்கு ரோடு போட்டுக் கொழிக்கிறான்.

அவனிடம் கேட்பதென்று முடிவு செய்தது ரைலி. ஆவுலிஸ் நாலு நாள் மாட்டேன் என்றான். ஐந்தாம் நாள் கிளம்பினான். அவன் கார் பழுதுக்குப் போயிருந்ததால் நான்தான் இருவரையும் என் காரில் கூட்டிக்கொண்டு போனேன்.

காலெர்வோ எங்களை நன்றாகவே உபசரித்தான். ஏலக்காய் ரொட்டி, புகையில் வாட்டிய மீன், மூன்று தடவை காபி. ரைலி போனில் வண்டியின் படத்தைக் காட்டினாள். அவன் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். எங்கே நிற்கிறது, ஈரம் பார்த்தாயா, எவ்வளவு ஓடியிருக்கிறது என்று எல்லாம் விசாரித்தான். ஆவுலிஸும் உற்சாகமாகச் சொன்னான். பிறகு விஷயத்தைச் சொன்னான். பதினேழு வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. தம்பி தானே எடுப்பான் என்று நினைத்திருப்பான்.

காலெர்வோ எடுக்கத்தான் செய்தான். வழக்கமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன், அன்று அண்ணன் முறை போட்டான்.

"அண்ணே, கையெழுத்துன்னா என்னன்னு எனக்குத் தெரியும். ஒரு கையெழுத்து ஒரு மனுஷன என்ன பாடு படுத்துச்சுன்னு உன்னப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டவன் நான். அன்னிக்கே சத்தியம் பண்ணிட்டேன், இனி யாருக்கும் போடறதில்ல, யார்கிட்டயும் கேக்கறதில்லன்னு. உனக்குப் போட்டா அந்தச் சத்தியம் போயிடும்."

ஆவுலிஸ் ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தான்.

"அதுவும் இல்லாம" என்று தொடர்ந்தான் காலெர்வோ, "கோவிச்சுக்காத. நீ திரும்ப ஆரம்பிச்சிட்டா? பத்து வருஷம் பெரிய விஷயந்தான், இல்லங்கல. ஆனா காசுன்னு வரும்போது யோசிக்கணும்ல."

"அவன் எதுனால ஆரம்பிச்சான்னு தெரியுமா உனக்கு?" என்றாள் ரைலி. சத்தமாகக் கேட்கவில்லை.

"ரைலி" என்றான் ஆவுலிஸ். அவ்வளவுதான். எழுந்து காபிக்கு நன்றி சொல்லி, காலெர்வோவின் பெண்சாதிக்குக் கைகொடுத்து, பூட்ஸை மாட்டிக்கொண்டான். வெட்கம் கெட்டவன் உட்கார்ந்திருக்க, வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே வந்தது இவன்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் காரைப் பின்னால் எடுக்கும்போது அவன் தபால்பெட்டியை இடித்துவிட்டேன். வேண்டுமென்றே இடித்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் தெரியாமல்தான் இடித்தேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அதை விட்டுவிட்டுக் காலெர்வோவை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் அது அயோக்கியத்தனம்.

முந்தின வருஷம் என் காட்டில் மரம் விற்றிருந்தேன். எத்தனை லாரி போயிற்று என்று ஊரே நின்று எண்ணியது. வங்கியில் நாற்பத்தோராயிரம் கிடந்தது. தனிக்கட்டை. பள்ளிக்கூட பஸ் ஓட்டிய பென்ஷன் சாப்பாட்டுக்குப் போதும். அந்தத் திரைப் பெண் சொன்ன சேமிப்பு உள்ளவர் என் சமையலறையில் காபி துடைத்துக்கொண்டிருந்த ஆள்தான். இது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

சனிக்கிழமை தோறும் ஒரு வாரம் அவன் வீட்டு சவுனா, ஒரு வாரம் என் வீட்டு சவுனா. ஏப்ரல் முழுக்க நாலு சனிக்கிழமை. அந்த வெந்நீராவி அறையில் பலகைமேல் அம்மணமாக, தோளோடு தோள் உட்கார்ந்திருப்போம். அவன் கல்லில் தண்ணீர் ஊற்றுவான். ஆவி வந்து காதைச் சுடும். முதல் வாரம், டாக்டர் இன்னும் காத்திருக்கிறார் என்றான். சரியாகிவிடும் என்றேன். இரண்டாம் வாரம், போனில் செய்தி அனுப்பினால் கடன் தருகிறவர்களின் வட்டியைப் பற்றிச் சொன்னான். அதைத் தொடாதே என்றேன். தொடமாட்டேன், ரைலி கொன்றுவிடுவாள் என்றான். மூன்றாம் வாரம், ஏரியில் பனி மெலிந்துவிட்டது, இனி துளை போட்டு மீன் பிடிக்கப் போகாதே என்று எனக்குச் சொன்னான். நாலாம் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் என் நாக்கு நுனிவரை வந்தது. அவன் கேட்டால் சொல்லலாம் என்று விழுங்கினேன். கேட்காதவனிடம் போய்க் கொடுப்பது அவனை அவமானப்படுத்துவது ஆகுமே என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். நன்றாக வியர்த்துவிட்டு வெளியே வந்து, ஆளுக்கொரு தொத்திறைச்சியைச் சுட்டுக் கடுகு தொட்டுத் தின்றோம்.

ஏப்ரல் முடிந்தது.

மே முதல் வாரத்தில் ஒரு நாள் பிற்பகல், உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு எரு அள்ளிக்கொண்டிருந்தோம். ரோட்டில் ஹாரன் கேட்டது. டாக்டரின் வண்டி ஆவுலிஸ் வாசலுக்குள் திரும்பியது. ஓட்டிக்கொண்டு வந்தவன் காலெர்வோ.

"சும்மா சொல்லக்கூடாது, நீ பாத்த வண்டி நல்ல வண்டி" என்றான் இறங்கியதும். "ரொக்கமா நீட்டினேன். ஆயிரத்தைந்நூறு குறைச்சுட்டாரு. மே ஒண்ணாந்தேதி வரைக்கும் யாரும் வரல, அப்புறந்தான் போனேன். உன் வாய்லேருந்து பிடுங்கினேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது பாரு."

ஆவுலிஸ் எரு அள்ளிய மண்வாரியைத் தரையில் குத்தி நிறுத்தினான்.

"குடும்பத்துக்குள்ளதானே இருக்கு. சும்மா நிக்கற நாள்ல நீங்க எடுத்துக்குங்க. டீசல் போட்டுக்க, ஒரு நாளைக்கு அம்பது குடு, போதும். வெளியாளுக்குன்னா நூறு வாங்குவேன். வேலை எப்ப உனக்கு?"

"பதினஞ்சாந்தேதி. மூணு வாரம்."

"அட, அப்பத்தான் நாங்க நார்வே போறோம், மீன் பிடிக்க."

ரைலி கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். கதவைத் திறக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பிறகு கொழுந்தனிடம், காபி தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வாசலுக்கு வந்தவனிடம் காபி தீர்ந்துபோச்சு என்றால், அதற்கு மேல் கெட்ட வார்த்தை இல்லை. காலெர்வோவுக்கும் புரிந்தது. ஆனாலும் புறப்படும்போது ஹாரன் அடித்துவிட்டுத்தான் போனான்.

பதினாலாம் தேதி ஆவுலிஸை பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். வெல்டிங் முகமூடியும் கையுறையும் ஒரு பையில், துணி ஒரு பையில். ரைலி ரை தானிய ரொட்டியும் வேகவைத்த முட்டையும் ஒரு வாரத்துக்குக் காணும்படி கட்டிக் கொடுத்திருந்தாள். அவள் வாசலில் நின்றாள், காரில் ஏறவில்லை. வீட்டில் இரண்டு மாதமாக அரசு தரும் வேலையில்லாதோர் படி குறைந்திருந்தது. இந்த வேலைக்கும் போகாவிட்டால் அதுவும் நின்றுபோகும். போகாதே என்று சொல்ல அவளிடம் காரணம் இருந்தது, காசு இல்லை. எத்தனை பேர் அறையில் என்று வழியில் கேட்டேன். அஞ்சு என்றான். தெரிந்தவர்களா என்றேன். இரண்டு பேர் பழைய ஆட்கள் என்றான். பஸ் வந்தது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ரைலி என் வாசலில் நின்றாள். கோட்டு போட்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துலேருந்து போன் எடுக்கல."

"வேலை எடத்துல கேட்டியா?"

"கேட்டேன். நேத்து வரல. இன்னிக்கும் வரல. ரூம்ல இருக்கானான்னு கேட்டா, இருக்கான்னு மட்டும் சொல்றாங்க."

நான் கார் சாவியைத் தேடினேன். ஆணியில்தான் தொங்கியது, கண்ணில் படவில்லை. அவள் எடுத்துக் கொடுத்தாள். அப்போது என் வாய் திறந்துகொண்டது. இரண்டு மாதம் சவுனாவில் திறக்காத வாய்.

"ரைலி, ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் போட்டிருப்பேன். கையெழுத்து."

அவள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

"மார்ச்லயே நான் சொன்னேன், கௌக்கோகிட்ட கேட்டுருவோம்னு. ஆவுலிஸ்தான் வேண்டாம்னான்."

"ஏன்?"

"கேட்டா மாட்டேன்னுதான் சொல்லுவான், சொல்லிட்டான்னா அப்புறம் நம்ம மூஞ்சில முழிக்க மாட்டான், இருக்கறது ஒரு பக்கத்து வீடு, அதுவும் போயிடும்னான்."

சொல்லிவிட்டு முன்னால் நடந்து போய்க் காரில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டும். நான் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். இப்போது போட்டிருப்பேன் என்று சொன்ன நான், மார்ச்சில் அவள் வந்து கேட்டிருந்தால், மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆவுலிஸ் என்னைச் சரியாகத்தான் எடைபோட்டிருந்தான்.